ஐந்தாம் படிவத்துக்குப் பிறகு

மலேசியாவில் ஐந்தாம் படிவத்தின் இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு முடிந்து பள்ளியை விட்டு வெளியேறும் மாணவரிடம் இரண்டு சொத்துகள் சேர்கின்றன. ஒன்று சான்றிதழ், மற்றொன்று பாடம். இரண்டின் ஆயுளும் ஒன்றல்ல. சான்றிதழ் 17 வயதிலிருந்து ஏறக்குறைய 25 வயது வரை ஓயாமல் கேட்கப்படும். மேற்படிப்புக்கும் முதல் வேலைக்கும் அதுதான் நுழைவுச்சீட்டு. அதன்பின் அது பெரும்பாலும் கோப்புக்குள் அடங்கிவிடும். பாடமோ தேர்வு முடிந்ததும் மறந்துபோனதுபோல் கிடந்து, முதல் சம்பளம், முதல் கடன், பிள்ளையின் படிப்பு, ஓய்வுக்காலச் சேமிப்பு என்று வாழ்க்கை விரியும்போதுதான் வேலை செய்யத் தொடங்குகிறது. பேராக் மாநிலத்தின் பாகான் டத்தோ போன்ற ஊரில் இந்த வேறுபாட்டை மூன்று தலைமுறைகளின் வாழ்க்கையிலேயே பார்க்கலாம்.

பேராக் ஆறு கடலோடு கலக்கும் இந்தத் தாழ்நிலம் நெடுங்காலம் கீழ்ப்பேராக் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்து, 2017இல் மாநிலத்தின் 12ஆவது மாவட்டமானது. கடலோரத்தில் தென்னை, உள்ளே செம்பனை. அதற்கு முன்பு பல இடங்களில் பால்மரம் எனப்படும் ரப்பர். ஊத்தான் மெலிந்தாங்கை ஒட்டிய ஜெண்டராட்டா தோட்டம், 1906இல் டென்மார்க்கைச் சேர்ந்த பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கிய ரப்பர் நிறுவனத்திலிருந்து வளர்ந்தது. இத்தகைய தோட்டங்களின் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில்தான் இவ்வட்டாரத் தமிழர்களின் கல்வி தொடங்கியது.

அந்தக் கல்விக்குச் சட்டத்தின் கட்டாயம் இருந்தது. நோக்கம் குறுகியதாக இருந்தது. 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல தோட்டங்களில் அந்தப் பள்ளி ஒரு கொட்டகை. ஆசிரியர் சில இடங்களில் தோட்ட எழுத்தரான கிராணி, சில இடங்களில் எழுத்தறிந்த மண்டோர் என்னும் மேற்பார்வையாளர். பால்மரம் வெட்டவும் தேங்காய் உரிக்கவும் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. கேட்கப்பட்ட இடம் ஒன்றே ஒன்று, தோட்ட அலுவலகம். அங்கே கிராணி வேலைக்கு ஆங்கிலப் பள்ளிப் படிப்பு வேண்டியிருந்தது. ஆங்கிலப் பள்ளியோ தெலுக் ஆன்சன் என்று அன்று அழைக்கப்பட்ட தெலுக் இந்தானில் இருந்தது. தமிழ்ப்பள்ளியில் படித்தவர் லயத்திலேயே இருந்தார், ஆங்கிலப் பள்ளிக்குப் போக முடிந்தவர் அலுவலகத்துக்குப் போனார். பிள்ளைகளின் திறமை இதில் பெரிதாக எதையும் தீர்மானிக்கவில்லை. எந்தப் பள்ளியின் தாள் கையில் இருந்தது என்பதே தீர்மானித்தது.

நாட்டு விடுதலைக்குப் பின் தமிழ்ப்பள்ளிகள் தேசியக் கல்வி அமைப்புக்குள் வந்தன. இடைநிலைப்பள்ளி தேசிய மொழியான மலாய்க்கு மாறியது. 1960களின் நடுவிலிருந்து தமிழ்ப்பள்ளி மாணவர்கள் முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது. அந்த ஓராண்டில் தேறி மேலே போனவர்களும் உண்டு, மனம் சோர்ந்து நின்றவர்களும் உண்டு. இடையில் வந்த தேர்வுகள் இப்போது மறைந்துவிட்டன: ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். 2021இலும், மூன்றாம் படிவத்தின் பி.டி.3 2022இலும் கைவிடப்பட்டன. ஆகவே 11 ஆண்டுப் பள்ளி வாழ்க்கையில் நாடு முழுவதும் பொதுவாக எழுதப்படும் முதல் பெரிய தேர்வு எஸ்.பி.எம்.தான். முன்பு 12 வயதிலும் 15 வயதிலும் கிடைத்த எச்சரிக்கை இப்போது 17 வயதில்தான் கிடைக்கிறது. வீட்டில் வழிகாட்ட ஆள் இல்லாத பிள்ளைக்கு இது பெரிய இழப்பு.

எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்கத் தேசிய மொழியில் தேர்ச்சி பெற வேண்டும்; 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். மற்ற எல்லாப் பாடங்களிலும் ‘ஏ’ வாங்கி இவ்விரண்டில் ஒன்றில் தவறினாலும் சான்றிதழ் இல்லை. தேர்ச்சி வேறு, கிரெடிட் வேறு என்பதையும் பல பெற்றோர் அறிவதில்லை. ‘டி’, ‘இ’ என்பவை தேர்ச்சிதான். ஆனால் மேற்படிப்பும் அரசாங்க வேலையும் பெரும்பாலும் கேட்பது ‘சி’யும் அதற்கு மேலும். தேசிய மொழியில் ‘டி’ வாங்கியவர் தேர்வில் வென்றவர், வேலைக்கான விண்ணப்பத்தில் தோற்றவர். அதைத் திருத்திக்கொள்ள ஆண்டின் நடுவில் மறுதேர்வு உண்டு. பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவரும் அதை எழுதலாம். தோட்டப்புறத்தில் இந்தச் செய்தி போய்ச் சேராததால் நின்றுபோன வாழ்க்கைகள் நிறைய.

எந்தப் பாடம் பிற்காலத்தில் பயன்படும் என்ற கேள்வி மலேசியத் தமிழரிடையே பொது விவாதமாக வெடித்தது 2009இல். ஒரே தேர்வில் சில மாணவர்கள் 15 பாடங்களுக்கு மேல் எழுதி, கல்வி உதவித்தொகைகளைப் பங்கிடுவதே சிக்கலான நேரம் அது. 2010 முதல் எஸ்.பி.எம். தேர்வில் 10 பாடங்களுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று அப்போதைய கல்வி அமைச்சர் முஹிடின் யாசின் அறிவித்தார். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் வரம்புதான். ஆனால் அறிவியல் பிரிவு மாணவரின் பாடங்களை எண்ணிப் பார்த்தால் அடி எங்கே விழுகிறது என்பது தெரியும். தேசிய மொழி, ஆங்கிலம், கணிதம், வரலாறு, நன்னெறி என ஐந்து, கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் என நான்கு, ஆக 9. மீதி ஓர் இடம். தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் இரண்டும் அந்த ஓர் இடத்துக்குப் போட்டியிட வேண்டும். பொறியியல் வேலைக்கு உதவும் வேறொரு பாடத்தை அங்கே வைத்துவிட்டால் இரண்டுமே வெளியே. தமிழ் அமைப்புகளும் ஆசிரியர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 10 பாடங்களோடு கூடுதலாக 2 எடுக்கலாம் என்று அரசு இறங்கி வந்தது.

‘இலக்கியம் படித்து என்ன வேலை கிடைக்கும்’ என்று அன்று தமிழர் வீடுகளிலேயே கேட்கப்பட்டது, இன்றும் கேட்கப்படுகிறது. நேரடியான விடை இருக்கிறது. பேராக் மாநிலத்தில் மட்டும் 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் நாளை பாடம் நடத்தப்போகிறவர், இன்று எஸ்.பி.எம். தேர்வில் தமிழை எடுத்து நன்றாகத் தேறியவராகத்தான் இருக்க முடியும். ஈப்போ ஆசிரியர் பயிற்சிக் கழகத்துக்கும் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்கும் தமிழ் ஆசிரியர்களாகப் போகிறவர்கள் அந்த வரிசையிலிருந்தே வர வேண்டும். ஐந்தாம் படிவத்தில் தமிழ் குறைந்தால் பத்தாண்டுகளில் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் குறைவர். நாளிதழ், வானொலி, மொழிபெயர்ப்பு என்று வேறு துறைகளும் உண்டு. ஆனால் ஆசிரியர் தொடர்ச்சி அறுந்தால் மற்றவையும் நிலைக்கா.

இலக்கியப் பாடத்தின் மற்றொரு பயன் சம்பளச் சீட்டில் வராது. கவிதை, நாடகம், நாவல் மூன்றையும் இரண்டு ஆண்டுகள் வரி வரியாகப் படித்த மாணவர், ஒருவர் சொல்வதற்கும் உணர்த்துவதற்கும் இடையில் உள்ள தூரத்தை அளக்கக் கற்கிறார். ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கும் நிபந்தனையையும் மேடைப் பேச்சில் ஒளிந்திருக்கும் ஏமாற்றையும் கண்டுகொள்ள இதைவிட நல்ல பயிற்சி பள்ளியில் வேறு இல்லை. ஆனால் அந்த வகுப்பு எளிதில் அமைவதில்லை. இடைநிலைப்பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடத்த 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி. மாணவர் சிதறிக் கிடக்கும் பாகான் டத்தோ போன்ற இடத்தில் அந்த 15 பெயர்களைச் சேர்ப்பதே ஒரு முயற்சி. தமிழ் இலக்கியத்துக்கு ஆசிரியர் கிடைக்காத இடங்களில் தன்னார்வலர்கள் வார இறுதியில் சம்பளமின்றி வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் சமூகம் பட்ட கடன் பெரிது.

கணிதம் பிற்காலத்தில் பயன்படுவதைப் பற்றி யாருக்கும் ஐயமில்லை. ஆயினும் எந்தக் கணிதம் என்பது கவனிக்க வேண்டியது. மோட்டார் சைக்கிளோ காரோ தவணைக்கு வாங்கும்போது ‘ஃப்ளாட் ரேட்’ என்ற முறையில் வட்டி சொல்வது நெடுங்கால வழக்கம். 10,000 ரிங்கிட் கடன், 5 விழுக்காடு, 5 ஆண்டு என்றால் வட்டி 2,500 ரிங்கிட். மாதத் தவணை 208 ரிங்கிட் 33 காசு. கடன் மாதந்தோறும் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முதல் நாள் தொகைக்கே கணக்கிடப்படுகிறது. குறையும் பாக்கிக்கு ஏற்பக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 9 விழுக்காட்டைத் தாண்டும். இதைக் கண்டுபிடிக்க நுண்கணிதம் வேண்டாம். இரண்டரை ஆண்டு கழித்துப் பாதிக் கடன் அடைந்த பிறகும் முழுக் கடனுக்கு ஏன் வட்டி என்று கேட்கத் தோன்றினாலே போதும். ஊழியர் சேமநிதியின் லாப ஈவு கூட்டு வட்டிபோல் வளர்வது, சேமிப்பை முன்கூட்டியே எடுத்தால் 55 வயதில் எவ்வளவு குறையும் என்பது, தேங்காய் எண்ணிக் கூலி வாங்குகிறவரின் சம்பளச் சீட்டு ஆகிய எல்லாம் மூன்றாம் படிவக் கணக்குக்குள் அடங்குபவை. கூடுதல் கணிதத்தில் ‘ஏ’ வாங்கியும் தவணைத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் பாடத்தைத் தேர்வறையிலேயே விட்டுவிட்டவர்.

அறிவியல் பாடம் இவ்வட்டாரத்தில் செம்பனை ஆலைக்குள் நேரடியாக வேலைக்கு வருகிறது. வெட்டிய பழக்குலைகளை முதலில் நீராவியில் வேகவைக்க வேண்டும். தாமதித்தால் பழத்துக்குள் இருக்கும் நொதி எண்ணெயைச் சிதைத்து அமிலத்தைக் கூட்டும். எண்ணெயின் தரமும் விலையும் குறையும். சாதாரணமாக 100 பாகையில் கொதிக்கும் நீர், ஆலையின் வேகவைக்கும் கலத்தில் ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் 140 பாகையைத் தாண்டிய நீராவியாக இருக்கிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும் என்று வகுப்பில் ஒரு பத்தியாகக் கடந்துபோன செய்தி, அந்த நீராவியைத் தரும் பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு உயிர் காக்கும் அறிவு. நீர்மட்டம் காட்டும் கண்ணாடியைக் கவனிக்கத் தவறினால் வெடிப்பு நேரலாம். அதனால்தான் அனுபவமும் அரசுத் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் பெற்றவர் பொறுப்பிலேயே பாய்லர் இயங்க வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். மின்கம்பி வேலைக்கும் எரிசக்தி ஆணையத்தின் சான்று வேண்டும். எஸ்.பி.எம். சான்றிதழ் 30 வயதில் கோப்புக்குள் தூங்கும்போது, இத்தகைய தகுதிச் சான்றிதழ்கள் ஒருவர் வேலை செய்யும் காலம் முழுவதும் விழித்திருக்கின்றன. தென்னையிலும் அறிவியல் பாடம் இப்படியே பயன்படுகிறது. நெட்டை மரங்களைவிட விரைவாகவும் பன்மடங்கு அதிகமாகவும் காய்க்கும் மாத்தாக் கலப்பினம், குட்டை இனத்தையும் பிலிப்பீன்ஸின் தக்னானன் நெட்டை இனத்தையும் சேர்த்து உருவானது. அதன் காயையே விதையாகப் போட்டால் தாய்மரத்தின் விளைச்சல் ஏன் வராது என்பது மரபியல் பாடத்தில் இருக்கிறது. அது தெரியாத சிறுதோட்டக்காரருக்குப் பல ஆண்டு வருமானம் போகும்.

டிப்ளோமாவைப் பொறுத்தவரை பெயரைவிட அது எந்த வேலைக்குத் தகுதி தருகிறது என்பதைப் பார்ப்பதே அறிவு. ஊத்தான் மெலிந்தாங்கில் இப்போது பாகான் டத்தோ பாலிடெக்னிக் இயங்குகிறது. வீட்டுக்கு அருகிலேயே டிப்ளோமா படிக்க முடிகிறது. தோட்ட வேலையிலேயே மேலே வர விரும்புகிறவருக்கு, 1919இல் அமைந்த தோட்ட அதிகாரிகள் சங்கம் நடத்தும் தொழில் தேர்வுகள் நெடுங்காலமாக உள்ளன. மற்றொரு பக்கம், அங்கீகாரம் உண்டா என்று விசாரிக்காமல் தனியார் கல்லூரிகளில் கடன் வாங்கிச் சேர்ந்து, படிப்பு முடிந்த பிறகும் கடனை மட்டும் கட்டிக்கொண்டிருக்கும் இளைஞர்கள் பலர். மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பார்க்கப் பணம் தேவையில்லை. கையெழுத்துப் போடும் முன் பார்த்தாக வேண்டும்.

சான்றிதழே இல்லாமல் வேலை கற்றுக்கொண்டவர்கள்தான் இவ்வட்டாரத்தில் அதிகம் கவனிக்கப்படாதவர்கள். பட்டறையில் 20 ஆண்டு வெல்டிங் செய்தவர், லாரி எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர், பெரிய விருந்துகளுக்குச் சமைப்பவர் ஆகியோர் கையில் தாள் இல்லாததால் உதவியாளர் சம்பளத்திலேயே நிற்கிறார்கள். இவர்களுக்காகவே திறன் மேம்பாட்டுத் துறையிடம் முந்தைய அனுபவத்தை அங்கீகரிக்கும் முறை உள்ளது. செய்த வேலைகளின் சான்றுகளைக் கோப்பாகத் தொகுத்து, மதிப்பீட்டாளர் முன்னிலையில் திறனை நிரூபித்தால், வகுப்பில் உட்காராமலே மலேசியத் திறன் சான்றிதழ் பெறலாம். அதன் 3ஆம் நிலைக்கு மேல் டிப்ளோமா நிலையும் உண்டு. முதல் நிலைக்கு எஸ்.பி.எம். கேட்பதில்லை, மலாய் அல்லது ஆங்கிலத்தில் பேச, படிக்க, எழுதத் தெரிந்திருந்தால் போதும்.