கோகுவை நல்லவனாக்கியவர்கள்

சில வாரங்களுக்கு முன் ஓர் இலக்கியச் சந்திப்பின் தேநீர் இடைவேளையில் பேச்சு சிறுவர்கள் பக்கம் திரும்பியது. நண்பர் ஒருவர், நல்ல கவிஞர், ஓய்வுபெற்ற ஆசிரியர், இப்படிச் சொன்னார்: "டிராகன் பால் கார்ட்டூன்ல வாற கோகு பிள்ளைகளுக்கு நல்ல முன்மாதிரி. புத்தகத்தில அவன் கொஞ்சம் சுயநலக்காரனாம். தொலைக்காட்சிக்காரர்கள் அதைத் திருத்திப்போட்டாங்க. நல்ல வேலைதானே?"

சுற்றியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். என்னால் முடியவில்லை. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த அமர்வு தொடங்கிவிட்டது. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். சித்திரக்கதைக்கெல்லாம் இந்தச் சஞ்சிகையில் இடமா என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கேள்வி சித்திரக்கதை பற்றியது மட்டுமல்ல, பாத்திர வார்ப்புப் பற்றியது.

முதலில் விடயத்துக்கு வருவோம். அகிரா தொரியாமாவின் 'டிராகன் பால்' 1984 முதல் 1995 வரை யப்பானின் ஷோனென் ஜம்ப் வார இதழில் வெளிவந்த மங்கா. 519 அத்தியாயங்கள், 42 தொகுதிகள். சீனத்தின் குரங்கரசன் கதையிலிருந்து பெயரையும் பறக்கும் மேகத்தையும் எடுத்துக்கொண்டு, தற்காப்புக் கலைப் போட்டிகளின் கதையாக வளர்ந்தது. தோயி நிறுவனம் இதை 1986இல் அனிமேயாக்கத் தொடங்கியது. முதல் தொடர் 153 அத்தியாயங்கள், அடுத்து வந்த 'டிராகன் பால் இசட்' 291. இரண்டையும் என் மருமகன் புண்ணியத்தில் அறிந்தேன். அவன் முதலில் ஆங்கிலக் குரலில் பார்த்தான், பிறகு மங்காவை வாசித்தான். ஒருநாள் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி வந்து, "மாமா, இதில கோகு வேற ஆளாயிருக்கிறாரே?" என்றான். கவிஞருக்குத் தோன்றாத கேள்வி அது.

வேறுபாடு எப்படி வந்தது? ஒரு காரணம் வெறும் தொழில் நிர்ப்பந்தம். தொரியாமா வாரத்துக்கு ஏறத்தாழ பதினைந்து பக்கம் வரைந்தார். அனிமேக்கோ வாரந்தோறும் இருபது நிமிடத்துக்கு மேல் காட்சி தேவை. மூலக்கதையை எட்டிப் பிடித்துவிடக் கூடாதென்று புதுக் காட்சிகளைச் சேர்த்தார்கள், இருந்தவற்றை இழுத்தார்கள். நமேக் கிரகம் ஐந்து நிமிடத்தில் வெடிக்கும் என்று ஃப்ரீசா சொல்வான், அந்த ஐந்து நிமிடம் வாரக்கணக்கில் ஓடும். 2009இல் 'காய்' என்ற பெயரில் இசட் தொடரை மங்காவுக்கு நெருக்கமாக வெட்டித் தொகுத்தபோது, 194 அத்தியாயக் கதை நூற்றுக்கும் குறைவான அத்தியாயங்களில் அடங்கிவிட்டது.

சேர்த்ததெல்லாம் குற்றமென்று நான் சொல்லவில்லை. பிக்கலோ சிறுவன் கோஹானைக் காட்டில் தனியே விட்டுச் செல்வதை மங்கா விரைவாகக் கடந்துவிடுகிறது. அனிமே அங்கே நின்று, இடிபாடுகளுக்குள் கிடக்கும் ஒரு பழைய இயந்திர மனிதனோடும் அநாதைப் பிள்ளைகளோடும் அவனைப் பழகவிடுகிறது. அந்தப் பையனின் தனிமை நமக்குப் பிடிபடுகிறது. தொரியாமா ஓரத்தில் தள்ளிவிட்ட யம்சா, தியென் போன்றோருக்கும் மறுவுலகில் ஒரு சண்டையைக் கொடுத்து மரியாதை செய்தது அனிமேதான். கோகுவும் பிக்கலோவும் கார் ஓட்டப் பழகும் அத்தியாயத்தைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன். இவையெல்லாம் பாத்திரத்தோடு ஒட்டிய சேர்க்கைகள். என் வழக்கு சேர்த்ததன் மீதல்ல, வெளுத்ததன் மீது.

மங்காவின் கோகு யார்? நல்ல மனம் படைத்தவன், ஆனால் சண்டைப் பித்தன். வெஜிட்டா தோற்றுத் தரையில் ஊர்ந்து தப்பியோடுகிறான். அவனோடு வந்தவர்களால் கோகுவின் நண்பர்கள் ஏற்கெனவே மாண்டுவிட்டார்கள். கிரில்லின் வாளை ஓங்குகிறான். எலும்பு நொறுங்கிக் கிடக்கும் கோகு அவனைத் தடுக்கிறான். கருணையால் மட்டுமா? இல்லை. இவ்வளவு பலசாலியை இழந்துவிடக் கூடாது, இன்னொரு முறை மோதிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையால். அது தவறென்று தெரிந்தே கேட்கிறான். அந்தக் கோரிக்கையின் விலையைப் பின்னர் நமேக்கின் ஒரு கிராமம் செலுத்துகிறது. வெஜிட்டா அவ்வூரையே கொன்று தீர்க்கிறான்.

செல்லோடு நடக்கும் போரிலும் இதுதான். சிறுவனான மகனைக் களத்தில் இறக்கிவிட்டு, போட்டி சமமாயிருக்க வேண்டுமென்று எதிரிக்கே களைப்புத் தீர்க்கும் அவரை விதையை எறிகிறான் கோகு. பிக்கலோ வெடிக்கிறான்: உன் மகன் உன்னைப் போல் சண்டையை விரும்புகிறவனல்ல, அப்பா ஏன் என்னைக் காப்பாற்ற வரவில்லை என்றுதான் இப்போது அவன் நினைத்துக்கொண்டிருப்பான் என்ற பொருளில். பெற்ற தகப்பனுக்குத் தெரியாத பிள்ளையின் மனத்தை ஒரு பழைய பகைவன் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதைவிடக் காத்திரமான குடும்பக் காட்சியை எத்தனை நாவல்களில் கண்டிருக்கிறோம்?

இக்காட்சிகள் அனிமேயிலும் இருக்கின்றனவே என்பார் நண்பர். இருக்கின்றன. ஆனால் எவற்றுக்கு நடுவே இருக்கின்றன? 1989 முதல் 1995 வரை மங்காவில் இல்லாத கதைகளோடு 13 இசட் திரைப்படங்கள் வந்தன. பெரும்பாலும் ஒரே அச்சு: கொடியவன் வருவான், நண்பர்கள் விழுவார்கள், கோகு வந்து உலகைக் காப்பான். ஆண்டுக்கு இருமுறை இரட்சகனாக வந்து நிற்பவனைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வெஜிட்டாவை விட்டதும் பெருந்தன்மையாகவே தெரியும்.

ஆங்கிலக் குரல் வடிவம் இன்னும் ஒருபடி மேலே போனது. கிரில்லின் கொல்லப்பட்ட ஆத்திரத்தில் முதன்முறை உருமாறும் கோகு, மூலத்தில் தன்னைக் கோபத்தால் விழித்தெழுந்த போர்வீரன் என்கிறான். 1999இல் அமெரிக்காவில் ஒளிபரப்பான வடிவத்திலோ தன்னைப் பிரபஞ்சத்தின் நம்பிக்கையென்றும் அப்பாவிகளின் காவலனென்றும் அறிவிக்கிறான். கோபம் போய்ப் பிரசங்கம் வந்துவிட்டது. அவன் மொழியும் போனது. மூலத்தில் கோகு தன்னை 'ஓரா' என்று சொல்லும் பட்டிக்காட்டான், மலையில் வளர்ந்தவனின் பேச்சு. ஆங்கிலத்தில் அவன் செம்மையாகப் பேசும் கனத்த குரல் வீரன். நம் ஊர்ப் பேச்சை எழுத்தில் கொண்டுவந்ததற்காக ஏச்சு வாங்கியவர்கள் இவ்விதழின் வாசகர்களில் இருக்கிறார்கள். அந்த இழப்பை அவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

2024 மார்ச்சில் காலமான தொரியாமாவும், அனிமே கோகுவை நீதிமானாக்கிவிட்டதில் தமக்கு நிறைவில்லை என்பதை நேர்காணல்களில் வெளிப்படுத்தியிருக்கிறார். ஆனால் படைத்தவன் சொன்னான் என்பதற்காக மட்டும் நான் அவர் பக்கம் நிற்கவில்லை. ஏனெனில் அதே தவறை அவரும் செய்தார். கோகுவின் தந்தை பார்டொக்கை விரிவாக வார்த்தது 1990இல் வந்த தொலைக்காட்சிச் சிறப்புப் படம். அதில் அவன் கிரகங்களை அழிக்கும் கொலைகாரச் சிப்பாய், பலமில்லாத குழந்தையென்று மகனையே அலட்சியமாகக் கடந்து போகிறவன். தன் இனத்தின் முடிவை முன்கூட்டியே கண்டபின், காலம் கடந்து விழிக்கிறான், தனித்து நின்று மடிகிறான். அந்தப் பாத்திரத்தில் மனம் தோய்ந்து தொரியாமா அவனைத் தம் மங்காவுக்குள்ளும் ஒரு கட்டத்தில் வரைந்தார். அவரே 2014இல் எழுதிய ஒரு சிறு கதையில் பார்டொக் பாசமுள்ள தகப்பனாகிவிட்டான், குழந்தையைக் காப்பாற்றவே பூமிக்கு அனுப்புகிறான். 2018இல் வந்த 'ப்ரோலி' படமும் அதையே பின்பற்றியது. இங்கே அழுத்தமான பாத்திரத்தைத் தந்தது அனிமே, வெளுத்தது மூலப் படைப்பாளி. ஆகவே இது புத்தகம் உயர்வு, திரை தாழ்வு என்ற பழைய பாட்டல்ல. யார் கையிலிருந்தாலும் சலவைச் சோடா சலவைச் சோடாதான்.

இனி முன்மாதிரிக்கு வருவோம். குறையில்லாத கோகுவிடமிருந்து பிள்ளை எதைப் படிக்கும்? பலசாலி செய்வதெல்லாம் சரி என்பதைத்தான். குறையுள்ள கோகுவிடமிருந்தோ, நல்லவனின் ஆசைக்கும் வேறு யாரோ விலை கொடுக்கிறார்கள் என்பதைப் படிக்கும். இதில் எது ஒழுக்கப் பாடம்? 'திருத்திப்போட்டாங்க' என்று நண்பர் மகிழ்ந்தாரே, அங்கே அழிக்கப்பட்டது பிழையல்ல, பொறுப்பு.

என் மருமகன் வாசித்து முடித்துவிட்டு என்னிடம் கேட்ட கேள்வி இது: "வெஜிட்டாவ விட்டதால அந்த ஊர் ஆக்கள் செத்தாங்களே, அது கோகுவுக்குத் தெரியுமா மாமா?" அந்தக் கேள்வியைப் பிள்ளையின் வாயில் வரவழைக்கும் கதையே எனக்குப் போதும். நண்பருக்கு ஆட்சேபம் இருந்தால் அடுத்த இதழில் எழுதட்டும். ஆனால் அதற்குமுன் அவர் புத்தகத்தை வாசித்திருக்க வேண்டும்.