ஓட்டை மரக்காலால் அளக்கலாமா?

வீடியோ கேம் ஒன்று விநாடிக்கு எத்தனை படங்களைத் திரையில் காட்டுகிறது என்பது அதன் தரத்துக்கே அளவுகோலாகிவிட்டது. 60 என்றால் சீரான ஓட்டம். 30க்கும் கீழே இறங்கினால் தடுமாற்றம். இந்தக் கணக்கை யூடியூப் வீடியோவை வைத்தே போட்டு, "இது மட்டமான சரக்கு" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள் சிலர். இது நியாயமல்ல.

அளக்கும் முறை எளியதுதான். அடுத்தடுத்த இரு படங்களை ஒப்பிட வேண்டும். வேறுபட்டிருந்தால் புதுப் படம். அச்சாக ஒன்றாயிருந்தால் பழைய படமே மறுபடி வந்திருக்கிறது. புதுப் படங்களை மட்டும் எண்ணினால் விடை கிடைத்துவிடும்.

ஆனால், இணையத்தில் ஏற்றும்போது வீடியோ சுருக்கப்படுகிறது. நுண்ணிய வேறுபாடுகள் கழிக்கப்படுகின்றன. தூரத்தில் ஓர் இலை மட்டும் அசைந்த புதுப் படம், பழையதைப் போலவே ஆகிவிடலாம். ஒரே படம் இரு முறை வந்தாலோ, சுருக்கத்தின் கறை படிந்து இரண்டும் வேறாகத் தோன்றலாம். கணக்கு இருபுறமும் பிசகுகிறது! மேலும், 2014-ஆம் ஆண்டில்தான் யூடியூப் 60 படங்களுக்கு இடம் தந்தது. அதற்கு முந்திய வீடியோக்களில் 60ஐத் தேடுவது வீண் வேலை.

பிரிட்டனின் டிஜிட்டல் பவுண்டரி போன்றவர்கள், விளையாட்டுக் கருவியிலிருந்து வரும் காட்சியை நேரடியாகப் பதிவு செய்தே ஆராய்கிறார்கள். அதுவே முறை.

சுருக்கிய வீடியோ ஐயத்தை எழுப்பலாம். தீர்ப்புச் சொல்ல அது போதாது. பல்லாண்டு உழைத்தவர்களின் பெயரும், வாங்குபவரின் பணமும் அந்த ஓர் எண்ணில் அடங்கியிருக்கின்றன. ஆகவே, எண்ணைச் சொல்பவர் எதை அளந்தார் என்பதையும் சொல்லட்டும். வாங்குபவர் அதைக் கேட்கட்டும்.