டீச்சருக்கு எந்த ஊர்?

வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஆசிரியை என்றால் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார்? மாலத்தீவுக்கோ துபாய்க்கோ ஒப்பந்தத்தில் போய், ஊரில் விட்டுவந்த பிள்ளையை வீடியோ அழைப்பில் பார்த்து அழும் ஒருத்தி. அவள் கஷ்டம் கஷ்டம்தான். ஆனால் கையில் கடவுச்சீட்டு இருக்கிறது, திரும்பிவர ஒரு நாடு இருக்கிறது. நானும் வெளிநாட்டில் வாழும் ஆசிரியைதான். இந்தியாவை விட்டு ஒரு நாளும் வெளியே போனதில்லை. கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் 1992இல் பிறந்தேன். பி.எட். முடித்துவிட்டு, சிப்காட்டை ஒட்டிய ஊரில் ஒரு தனியார் பள்ளியில் பதினோரு வருடமாகத் தமிழ் சொல்லித் தருகிறேன். காகிதத்தில் நான் அந்நியர்.

அம்மா மன்னாரில் அரசுப் பள்ளி ஆசிரியை. 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதும் படகேறியவர். அவருடைய நியமனக் கடிதம் இன்றும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. என்னிடம் அப்படியொரு கடிதமே கிடையாது. முகாமிலிருந்து பள்ளிகளுக்குப் போகும் எங்களில் பலருக்கும் கிடையாது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1987 ஜூலை 1க்கு முன்பு இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகள். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய்க் கடவுச்சீட்டு வாங்கி, 2024 தேர்தலில் வாக்களித்தார். எனக்கு அந்த வழி இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. முஸ்லிம்களையும் எங்களையும் ஒரே கதவுக்கு வெளியே நிறுத்திய சட்டம் அது. 2025 செப்டம்பரில் இன்னோர் உத்தரவு வந்தது: 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், கடவுச்சீட்டோ விசாவோ இல்லாததற்காகத் தண்டிக்கப்படமாட்டார்களாம். முகாமில் சிலர் இனிப்புக் கொடுத்தார்கள். தண்டிக்கமாட்டேன் என்பதையே பரிசாக வாங்கிக்கொள்ளும் இடத்துக்கு எங்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

இதில் பெண்ணுக்கென்று தனியாக ஒரு முள் இருக்கிறது. முகாம் பெண் ஒருத்தி உள்ளூர்க்காரரைக் கட்டிக்கொள்கிறாள் என்று வையுங்கள். 2004 டிசம்பர் 3 முதல், பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் மட்டும் போதாது; மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. எங்களை அந்தப் பெயரில்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆகவே அப்பா தமிழ்நாட்டுக்காரராக இருந்தும், பெற்றவளைக் காட்டிப் பிள்ளையைத் தடுக்கலாம்.

இனிப் பள்ளிக்கூடம். அரசுப் பள்ளி வேலை எங்களுக்கு எட்டாது என்பது ஊரிலுள்ள ஒவ்வொரு தாளாளருக்கும் தெரியும். இவள் தேர்வு எழுதிக்கொண்டு கிளம்பிவிடமாட்டாள் என்ற நிம்மதிதான் எங்களுக்குப் போடும் சம்பளம். எனக்கு 9,500 ரூபாய். எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்கு 14,000. கேட்டால், "உங்களுக்குத்தான் அரசாங்கம் காசு கொடுக்குதே, டீச்சர்" என்று பதில். 2021இல் உயர்த்திய பிறகு அந்தக் காசு குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறு பிள்ளைகளுக்கு 500. மூன்று பேர் வீட்டில் இதை வைத்து என்ன செய்யலாம் என்பதை வீட்டுக் கணக்குப் பார்க்கும் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பணத்துக்கும் பதிவுக்கும் ஆள் நேரில் நின்று காட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் பெயிண்டிங் வேலைக்கு வெளியூர் போய்விடுவார். வரிசையில் நிற்பது நான். அந்த நாளுக்குப் பள்ளியில் சம்பளப் பிடித்தம். கொடுப்பவர் ஒருவர், பிடிப்பவர் இன்னொருவர், நிற்கும் கால் மட்டும் ஒன்றே.

ஏப்ரல் வந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிட்டு ஜூனில் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். இடைப்பட்ட மே மாதத்தில் சம்பளம் கிடையாது. ஆனால் வீடு வீடாகப் போய்ச் சேர்க்கைக்கு ஆள் பிடிக்கும் வேலை உண்டு. வெயிலில் நோட்டீஸோடு அலைவோம். உருக்காலைத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் லைன் வீடுகளில் ஒடிசாக்காரப் பெண்கள்தான் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். 'அ' போட என்னிடம் கற்றுக்கொள்ளும் அந்தப் பிள்ளை இந்த நாட்டுக் குடிமகள். கற்றுக்கொடுக்கும் நான் இல்லை. பிள்ளை மேல் எனக்குப் பொறாமை கிடையாது. அவளுடைய அம்மாவும் நானும் ஒரே கிழங்கின் இரண்டு துண்டுகள்: மலிவாகக் கிடைக்கிறோம், வாய் திறக்கமாட்டோம் என்று இருவரையும் வைத்திருக்கிறார்கள்.

வகுப்பில் வாய் தவறி 'கதைக்காதீங்கோ' என்று சொல்லிவிட்டால் பின்வரிசை சிரிக்கும். "டீச்சர், நீங்க கேரளாவா?" பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்பதில் குற்றமில்லை. பெற்றோர் கூட்டத்தில் என் தமிழைத் திருத்த வருபவர்களைத்தான் தாங்க முடிவதில்லை. வீட்டில் ஒரு பேச்சு, பள்ளியில் ஒரு பேச்சு என்று நாக்கை மாற்றி மாற்றிப் போடுவதும் ஓர் உழைப்பு. அதற்கு யாரும் பைசா தருவதில்லை.

'ஆசிரியர் வேலை பெண்ணுக்குப் பொருத்தம்' என்று சொல்லிச் சொல்லியே இந்த வேலையைச் சேவையாக்கினார்கள். சேவைக்கு எதற்குச் சம்பளம் என்பது அடுத்த படி. உள்ளூர்ப் பெண்ணைக் 'கணவர் சம்பாதிக்கிறாரே' என்று அடக்குகிறார்கள், என்னை 'அடைக்கலம் கொடுத்தோமே' என்று அடக்குகிறார்கள். வசனம்தான் வேறு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அரசமைப்பின் 16ஆம் பிரிவு அரசு வேலையில் சமவாய்ப்பைக் குடிமக்களுக்கு மட்டும் தருகிறது. சட்டத்தின் முன் சமம் என்னும் 14ஆம் பிரிவோ எந்த நபருக்கும் பொருந்தும். 1961 பேறுகாலப் பயன் சட்டம் 'பெண்' என்றது. 2017 திருத்தம் அவளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்புத் தந்தது. 2009 திருத்தத்தால் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை உண்டானது; 2022இல் உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றது. இவற்றில் எதுவும் அவள் குடிமகளா என்று கேட்கவில்லை. கேட்பது பள்ளி அலுவலகம்தான். நான் பிள்ளை பெற்றபோது எனக்குக் கிடைத்தது, "முடிச்சுட்டு வாங்க, இடம் இருந்தா பார்ப்போம்."

எங்கள் ஆண்களிடமும் ஒரு சொல் இருக்கிறது. முகாம் கூட்டங்களில் குடியுரிமை பேசுகிறீர்கள், வீடு பேசுகிறீர்கள், நல்லது. பெண்களின் சம்பளத்தைப் பேசத் தொடங்கினால் "இருக்கிறதையும் கெடுத்துக்கொள்ளாதே" என்கிறீர்கள். குடியுரிமை வரும்வரை 9,500இலேயே இருக்கச் சொல்கிறீர்களா? அம்மா அதற்காக முப்பத்தைந்து வருடம் காத்திருந்துவிட்டார்.

குடியுரிமை வேண்டும்; அதை ஒன்றிய அரசிடம் கேட்கிறோம். அதுவரை, சட்டம் ஏற்கெனவே தந்திருப்பதைப் பள்ளிகளிடம் கேட்கிறோம்: நியமனக் கடிதம், பன்னிரண்டு மாதச் சம்பளம், பேறுகால விடுப்பு. இதைத் தனியாகக் கேட்டால் மறுநாள் வேலை இருக்காது. தனியார் பள்ளி ஆசிரியைகளுக்காகச் சங்கம் நடத்தும் தோழிகளே, பி.எட். படித்துக்கொண்டே இதைப் படிக்கும் மாணவிகளே, உங்கள் சங்கத்தில் எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் படிவத்தில் 'நாட்டினம்' என்று ஒரு கட்டம் இருந்தால் அதை முதலில் அடித்துவிடுங்கள்.