செருப்பு போனால் போகட்டும்



போன மாதம் எங்கள் பசுமலை வீட்டுக்கு ராஜபாளையத்திலிருந்து ஒரு விருந்தாளி வந்தார். வயது மூன்றரை மாதம். வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. 2005 ஜனவரியில் நம் நாட்டு நாய்களுக்கு நான்கு அஞ்சல்தலைகள் வெளியானபோது, ஒன்றில் இடம்பிடித்தது இவருடைய இனம்தான். அந்தப் பெருமையெல்லாம் என் செருப்புக்குத் தெரியுமா? முதல் வாரமே வார் போனது. அடுத்து பேரனின் பள்ளிக்கூடப் பை, வாசல் துடைப்பம், இந்த இதழுக்கு வந்த ஒரு சிறுகதையின் கடைசிப் பக்கம். (எழுதியவர் பொறுத்தருள வேண்டும். முடிவு குட்டிக்கு மிகவும் பிடித்திருந்தது.)

சேட்டை என்று அதட்டினோம். சேட்டையில்லை, பல். குட்டிக்குப் பால்பற்கள் 28. மூன்று மாதம் தாண்டியதும் அவை விழத் தொடங்கி, ஆறேழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடும். இடையில் ஈறு ஊறும், நோகும். எதையாவது கடித்தால்தான் அதற்கு ஆறுதல். நம் பிள்ளைகள் மரப்பாச்சியைக் கடித்துக்கொண்டு திரிந்தார்களே, அதே கதை. விழுந்த பல்லைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். கடித்த துணியில் லேசாக ரத்தம் தெரியும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது நம் பாசத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை மதுரையில் எலும்பு மிஞ்சாத வீடு எத்தனை? பக்கத்து வீட்டு அக்கா ஒரு தட்டு நிறையக் கோழி எலும்போடு வந்தார். வேண்டாம் என்றேன். "என்ன தம்பி, நாய்க்கு எலும்பு போடாம மனுசனுக்கா போடுவாக?" என்று கோபித்துக்கொண்டார். வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடையும். அந்தச் சில்லு தொண்டையில் குத்தும், குடலைக் கிழிக்கும். குழம்பில் வெந்த ஆட்டெலும்பும் அப்படித்தான். போதாததற்கு அதில் ஊறிய வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. சரி, வேகாத நல்லி எலும்பு? அது கல். பல்லே பிளந்துபோகும்.

ஒரு எளிய சோதனை உண்டு. கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியாத எதுவும் குட்டி வாய்க்கு ஆகாது. முழுசாக வாய்க்குள் போகிற அளவில் இருந்தாலும் ஆகாது.

கடைகளில் எலும்பு மாதிரி முடிச்சுப் போட்டுத் தொங்கும் தோலை நான் வாங்குவதில்லை. ஊற ஊற வழுவழுவென்றாகிவிடும், குட்டி அதைத் துண்டாகப் பிய்த்து விழுங்கிவிடும். வயிற்றில் உப்பி அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான். ரப்பர் பொம்மை பரவாயில்லை. அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரின் ஃப்ரிட்ஸ் என்ற ஜெர்மன் ஷெப்பர்டு கல்லைக் கடித்தே பல்லைக் கெடுத்துக்கொண்டிருந்தது. 1970-களில் ஒருநாள் ஃபோக்ஸ்வேகன் வண்டியின் ரப்பர் பாகம் ஒன்று அதற்குப் பிடித்துப்போக, அதிலிருந்து பிறந்ததுதான் காங் பொம்மை. குட்டிகளுக்கென்று மிருதுவான ரப்பரில் தனியாகவே வருகிறது.

அதுவும் வேண்டாமென்றால், பழைய தேங்காய்ப்பூத் துண்டை நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள். சில்லென்ற துணி ஈறு வலிக்கு இதம். பக்கத்திலேயே இருங்கள். நூல் பிரிந்தால் துண்டைப் பிடுங்கிவிடுங்கள்.

நூல் என்றதும் ஞாபகம் வருகிறது, மல்லிகைப்பூ. ராத்திரி தலையில் வைத்ததைக் காலையில் கழற்றிக் குப்பைக் கூடையில் போடுகிறோம். வாசனைக்கு வரும் குட்டி, சரத்தோடு நூலையும் விழுங்கும். நூலின் ஒரு முனை எங்காவது மாட்டிக்கொண்டால் குடல் சுருங்கி, நூல் அதை அறுக்கத் தொடங்கும். வாயிலோ பின்புறமோ நூல் தொங்கினால் இழுக்கவே இழுக்காதீர்கள். நேரே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மாங்கொட்டையும் மக்காச்சோளக் கட்டையும் குடலை அடைத்துக்கொள்ளும். அவற்றையும் எட்டாத இடத்தில் போடுங்கள்.

இன்னொன்று. குட்டி கடிப்பது துணியை மட்டுமல்ல, நம் கையையும்தான். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாதத்தில் தவறாமல் போட்டுவிடுங்கள். பல் பட்டுத் தோல் கிழிந்தால், "நம்ம குட்டிதானே" என்று விடாமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

அக்கா இப்போது சமாதானமாகிவிட்டார். எலும்புக்குப் பதிலாகக் கேரட் கொண்டுவருகிறார். உங்கள் வீட்டுக் குட்டி எதையெல்லாம் தின்று தீர்த்தது என்று எழுதி அனுப்புங்கள். செருப்புக் கணக்கில் நான் மூன்றாவது ஜோடியில் நிற்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்