பல்லுக்குத் தோற்கும் பொருளையே கொடுங்கள்

பாக்குவெட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு கொட்டைப்பாக்கை அதன் அலகுகளின் நுனியில் வைத்து அழுத்திப் பாருங்கள். கை வலிக்குமே தவிரப் பாக்கு உடையாது. அதே பாக்கைக் கீலுக்கு அருகில் தள்ளி வைத்து அழுத்துங்கள். இலேசாக இரண்டாகிவிடும். கையின் வலிமை மாறவில்லை. பாக்கு இருக்கும் இடந்தான் மாறியது. நெம்புகோல் தத்துவத்தை விளக்க இதைவிட எளிய கருவி தேவையில்லை.

நாயின் தாடையிலும் இதே தத்துவந்தான் செயற்படுகிறது. காதுக்கு முன்புறம் உள்ள தாடை மூட்டே கீல். அதற்கு அருகில் இருக்கும் பல்லில் கடிவிசை மிகுதி, முன்பற்களில் குறைவு. ஆனி, ஆடி மாதங்களில் சாரல் விழும்போது குற்றாலம் செல்பவர்கள், ஐந்தருவிச் சாலையோர உணவுக் கடைகளின் பின்புறத்தைச் சற்றுக் கவனியுங்கள். எலும்பு கிடைத்த நாய் அதை முன்பற்களால் கவ்வி எடுக்கும். உடனே தலையைச் சாய்த்து, எலும்பை வாயின் ஓரத்திற்குத் தள்ளிக்கொள்ளும். எந்தப் பள்ளியிலும் படிக்காமலே நெம்புகோலைப் பயன்படுத்தும் அந்த நாய், தன் பல்லுக்கே தீங்கு செய்துகொள்வதும் அந்த இடத்தில்தான்.

தென்காசி வட்டாரத்தில் வீட்டில் நாய் வளர்ப்போர் பலர். நாட்டு நாயும் உண்டு. பக்கத்து மாவட்டத்துக்குப் பெருமை சேர்த்த ராஜபாளையம், சிப்பிப்பாறை இனங்களும் உண்டு. ராஜபாளையம் நாய்க்கு 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. இந்த நாய்களுள் சில, எதைக் கொடுத்தாலும் கடித்துத் தீர்த்துவிடும். செருப்பு, நாற்காலிக் கால், வாளியின் பிடி எதுவும் மிஞ்சாது. அப்போது வீட்டார் என்ன முடிவுக்கு வருகிறார்கள்? “இதன் பல்லுக்கு ஈடுகொடுக்கும் கடினமான பொருளாகப் பார்த்து வாங்குவோம்” என்கிறார்கள். கடைக்காரரும் “இது மாதக்கணக்கில் உழைக்கும்” என்று எடுத்துத் தருகிறார்.

இந்த முடிவு தலைகீழானது என்பதே என் கருத்து. பலமாகக் கடிக்கும் நாய்க்குப் பல்லை வெல்லும் பொருளைத் தரக்கூடாது. பல்லுக்குத் தோற்கும் பொருளையே தர வேண்டும். இதற்கான காரணங்களை இயற்பியலைக் கொண்டே காண்போம்.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். அவற்றுள் மேல்தாடையின் நான்காவது முன்கடைவாய்ப் பல்லும், கீழ்த்தாடையின் முதல் பின்கடைவாய்ப் பல்லும் கத்தரிக்கோலின் இரு அலகுகள்போல் உரசிச் சென்று இறைச்சியை வெட்டுகின்றன. வெட்டுவதற்கு ஏற்பவே அவற்றின் விளிம்பு கூர்மையாக உள்ளது. விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 300 நியூட்டன் விசை, அதாவது ஏறத்தாழ 30 கிலோகிராம் எடை, 2 சதுர மில்லிமீட்டர் பரப்பின்மேல் செயற்படுவதாகக் கொள்வோம். அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 150 நியூட்டன். இது வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 1500 மடங்கு! கடிக்கும் பொருள் இரப்பர்போல் அமுங்கிக் கொடுத்தால் தொடும் பரப்பு 50 சதுர மில்லிமீட்டராக விரியலாம். அப்போது அதே விசைக்கு அழுத்தம் வெறும் 6 நியூட்டன். அமுங்காத பொருளில் பரப்பு விரிவதில்லை. பொருள் தந்த எதிர்விசை முழுவதையும் பல்லின் ஒரு முனையே தாங்க வேண்டியதாகிறது.

பல் எவ்வளவு தாங்கும்? 1995இல் வெளியான ஓர் ஆய்வில், 22 வீட்டு நாய்களின் கடிவிசையை அளந்தபோது அது 13 நியூட்டனிலிருந்து 1394 நியூட்டன் வரை இருந்தது. பின்னர் நடந்த வேறோர் ஆய்வில், நாய்களின் மேல்தாடை வெட்டும் பற்களைத் தனியே எடுத்து, சாய்வாக அழுத்தி உடைத்துப் பார்த்தார்கள். சராசரியாக ஏறத்தாழ 1280 நியூட்டனில் அவை உடைந்தன. இரு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பலமாகக் கடிக்கும் நாய் தன் பல்லைத் தானே உடைத்துக்கொள்ளப் போதுமான வலிமை அதன் தாடையிலேயே இருக்கிறது.

இங்கே நல்ல மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, பல்லின் மேற்பூச்சான எனாமல்தானே உடலிலேயே மிகக் கடினமான பொருள்? அது எலும்பைவிடக் கடினமாயிற்றே, எப்படி உடையும்?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. மோவின் கடினத்தன்மை அளவுகோலில் எனாமலின் எண் 5. ஆனால் அந்த அளவுகோல் எது எதைக் கீறும் என்பதை மட்டுமே சொல்கிறது. எது உடையும் என்பதைச் சொல்வதில்லை. கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டியை நிமிர்த்தி வைத்து மேலிருந்து அழுத்தினால் நன்றாகவே தாங்கும். அதையே இரு கைகளாலும் பிடித்து வளைத்தால் ‘படக்’கென்று ஒடியும். எனாமலும் அமுக்குவிசையை நன்கு தாங்கும். வளைக்கும் விசையையும் இழுவிசையையும் அவ்வாறு தாங்காது. எலும்பு வாயில் நழுவிப் பல்லின் பக்கவாட்டில் நெம்பும்போது, பல்லின் வெளிப்புறம் ஒரு சில்லாகப் பெயர்ந்துவிடுகிறது. அதிலும் நாயின் எனாமல் மிக மெல்லியது. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மனிதப் பல்லில் அது சில இடங்களில் 2 மில்லிமீட்டருக்கு மேலும் இருக்கும்.

சில்லு பெயர்ந்தால் உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் கொண்ட பற்கூழ் வெளிப்படக்கூடும். கிருமிகள் அதன் வழியே வேருக்குள் இறங்கும். மேல் வெட்டும் பல்லின் வேர்கள் கண்ணுக்குச் சற்றுக் கீழே உள்ளன. ஆகவே, பல நாட்கள் கழித்து நாயின் கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்குகிறது. வீட்டார் கண் நோய் என்றோ, குளவி கொட்டியது என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். நாய் வாய்விட்டுச் சொல்வதில்லை. வலிக்காத பக்கத்தால் மென்று, வழக்கம்போல் வாலை ஆட்டுகிறது.

சமைத்த எலும்பில் இன்னோர் ஆபத்தும் உண்டு. நீங்களே ஒரு சோதனை செய்யலாம். சுத்தம் செய்த கோழி எலும்பு ஒன்றை வினிகரில் சில நாட்கள் ஊறவிடுங்கள். வினிகரை இடையிடையே மாற்றுங்கள். கால்சியம் உப்புகள் கரைந்து, எலும்பு இரப்பர்போல் வளையும். எஞ்சியிருப்பது கொலாஜன் என்னும் புரதம். எலும்புக்கு வளைந்துகொடுக்கும் பண்பை அளிப்பது அதுவே. வேகவைத்தாலும் பொரித்தாலும் சுட்டாலும் அந்தக் கொலாஜன் சிதைகிறது, நீரும் வெளியேறுகிறது. மிஞ்சுவது நொறுங்கும் தன்மை. எனவே பொரித்த கோழியின் எலும்பு கடித்தவுடன் ஊசிபோன்ற சிம்புகளாகப் பிளக்கிறது. சிம்பு தொண்டையில் குத்தலாம், குடலில் துளையிடலாம். பதப்படுத்தி விற்கப்படும் எலும்புத் தீனிகளும் விலக்கல்ல. அவற்றால் ஏறத்தாழ 90 நாய்கள் பாதிக்கப்பட்டதாகவும், 15 நாய்கள் இறந்ததாகவும் தனக்குப் புகார்கள் வந்துள்ளதை 2017இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்டது.

“எங்கள் தாத்தா காலத்திலிருந்து நாய்க்கு எலும்புதான் போடுகிறோம்; ஒன்றும் ஆகவில்லையே” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக்கூடும். அவர்கள் பார்த்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் அறிவியல் இன்னொரு கேள்வியையும் கேட்கச் சொல்கிறது: பார்க்காமல் விட்டவை எத்தனை? பிழைத்த நாய் கண்முன்னே ஓடுகிறது. எங்கோ புதருக்குள் ஒதுங்கி இறந்த நாய் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. “காட்டு விலங்குகள் எலும்பு தின்னவில்லையா?” என்ற வாதத்திற்கும் விடை உண்டு. பிளேர் வான் வால்கன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் பெரிய ஊனுண்ணிகளின் மண்டையோடுகளை ஆராய்ந்து 1988இல் கட்டுரை வெளியிட்டார். ஏறத்தாழ நான்கில் ஒரு விலங்குக்கு ஒரு பல்லேனும் உடைந்திருந்ததை அவர் கண்டார். காட்டிலும் பல் உடைகிறது என்பதே உண்மை. ஓநாய் இரைக்காக அந்த விலையைக் கொடுக்கிறது. சோறு போட்டு வளர்க்கும் நாய் ஏன் கொடுக்க வேண்டும்?

அப்படியானால் நாய்க்குக் கடிக்கவே எதுவும் தரக்கூடாதா? தர வேண்டும். கடிப்பது நாயின் இயல்பு. பால் பற்கள் 28உம் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும் 4 முதல் 7 மாதம் வரையிலான குட்டிக்கு அது இன்றியமையாத தேவையுங்கூட. எதைத் தருவது என்பதற்கு நான்கு சோதனைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, நகச் சோதனை. கட்டைவிரல் நகத்தைப் பொருளின்மேல் அழுத்துங்கள். சிறிதேனும் பதிந்தால் அது பல்லுக்கு விட்டுக்கொடுக்கும். பதியாவிட்டால் வேண்டாம். மாட்டெலும்பு, குளம்பு, மான்கொம்பு, கல்போன்ற நைலான் எலும்பு ஆகியவை இந்தச் சோதனையில் தேறுவதில்லை. நேபாளத்திலும் டார்ஜிலிங் பகுதியிலும் பாலிலிருந்து செய்து உலர்த்தும் சுர்ப்பி என்னும் பாலாடைக்கட்டி இப்போது நாய்த் தீனியாகவும் விற்பனையாகிறது. நன்கு உலர்ந்த சுர்ப்பியும் தேறாது. மலைவாசிகள் அதை வாயில் நெடுநேரம் ஊறவைத்தே மெல்கிறார்கள். நாய்க்கு அந்தப் பொறுமை ஏது?

இரண்டாவது, அளவுச் சோதனை. பொருள் முழுதாக வாய்க்குள் போய்விடக்கூடாது. தேய்ந்து சிறிதானதும் எடுத்தெறிந்துவிட வேண்டும். குற்றாலத்தில் பழக் காலம் வந்துவிட்டால் ரம்புட்டான் கொட்டைகளும், வீட்டு முற்றத்தில் மாங்கொட்டைகளும் கிடக்கும். நாய் விழுங்கினால் தொண்டையையோ குடலையோ அடைக்க அவை போதும்.

மூன்றாவது, நார்ச் சோதனை. பிய்த்தால் நீண்ட நாராக வரும் பொருள் ஆகாது. நம் பகுதியில் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. மட்டையை நாய்க்கு விளையாடப் போடுவோரும் உண்டு. விழுங்கிய நாரோ கயிறோ குடலைச் சுருக்கிவிடும்; அறுவை செய்துதான் எடுக்க வேண்டிவரும். தோலால் செய்த எலும்புகளும் ஊறி வழவழப்பாகிப் பெரிய துண்டாக உள்ளே போய்விடுவதுண்டு.

நான்காவது, தேய்ப்புச் சோதனை. தெருவில் கிரிக்கெட் ஆடும் டென்னிஸ் பந்து மென்மையானதுதான். ஆனால் அதன் மயிர்ப்பரப்பில் மணல் ஒட்டிக்கொள்ளும். மணலிலுள்ள குவார்ட்சின் மோ எண் 7, எனாமலுக்கோ 5. நாள்தோறும் அதைக் கடிக்கும் நாயின் பல், உப்புத்தாளில் தேய்த்ததுபோல் மழுங்கிவிடும்.

நான்கிலும் தேறுபவை எவை? நகம் பதியும் தடித்த இரப்பர் பொம்மை, அதிலும் உள்ளே குழிவுள்ளது, மிக நல்லது. குழிக்குள் கொஞ்சம் சோற்றையோ வேகவைத்த முட்டையையோ திணித்துவிட்டால் நாய் அரைமணி நேரம் அதோடு மல்லாடும். துண்டாக்கிய கேரட்டும் தரலாம். பலமாகக் கடிக்கும் நாய் இரப்பரையும் ஒருநாள் பிய்த்துவிடும். பிய்ந்த அன்றே அதைத் தூக்கி எறியுங்கள். அந்தச் செலவு வீண் அன்று. பல் பிழைத்ததற்கான விலை அது. எதைக் கொடுத்தாலும் அருகில் ஒருவர் இருந்து கவனிப்பது அவசியம்.

கண்ணுக்குக் கீழே வீக்கம், ஒருபக்கமாகவே மெல்லுதல், ஒரு பக்கப் பற்களில் மட்டும் காரை படிதல், வாயிலிருந்து இரத்தம் ஆகியவற்றைக் கண்டால் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள்ளது. தெருநாயின் வாயைத் திறந்து பார்க்கும் முயற்சி மட்டும் வேண்டாம், வெறிநோய் விளையாட்டல்ல.

பம்பரத்திற்கும் பட்டாசுக்கும் எச்சரிக்கை அச்சிடும் நாம், நாய்க்கான பொருளில் ‘நீடித்து உழைக்கும்’ என்பதை மட்டும் கொட்டை எழுத்தில் அச்சிடுகிறோம். எவ்வளவு கடினம், எந்த எடையுள்ள நாய்க்கு ஏற்றது என்பவற்றையும் தயாரிப்பாளர்கள் அச்சிட வேண்டும். அதுவரை உங்கள் கட்டைவிரல் நகமே போதுமான ஆய்வுக் கருவி. அடுத்தமுறை கடைக்குப் போகும்போது பொருளை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கடைக்காரர் வியப்போடு பார்த்தால், மோவின் அளவுகோலைப் பற்றி அவருக்கும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள்.