கற்பும் காவல் நிலையமும்

2005இல் பாலுறவு பற்றிய ஒரு பத்திரிகைக் கருத்துக்கணிப்பை ஒட்டி நடிகை குஷ்பு சொன்ன சில வார்த்தைகளுக்காக அவர்மீது 23 வழக்குகள் போடப்பட்டன. படித்த ஆண் தன் மனைவியாக வருபவளிடம் கன்னித்தன்மையை எதிர்பார்க்கக் கூடாது, திருமணத்துக்கு முன் உறவு கொள்பவர்கள் கருத்தரிக்காமலும் நோய் தொற்றாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். அதற்குச் செருப்பையும் துடைப்பத்தையும் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்குகளை ரத்து செய்தது. வயதுவந்த இருவர் மனமொத்துக் கூடுவது பலருக்கு ஒழுக்கக்கேடாகப் படலாம்; அதனாலேயே அது குற்றமாகிவிடாது என்றது தீர்ப்பு. திருமணத்துக்கு முந்திய காதலுக்குக் களவியல் என்று ஓர் இயலையே ஒதுக்கிய தொல்காப்பியத்தின் மண்ணில் இதைச் சொல்ல ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

உறவு திருமணத்துக்குள் மட்டுமே என்று நம்புகிறவர்களைப் பத்தாம்பசலிகள் என்று ஏளனம் செய்வதும் தவறு. வேண்டும் என்று சொல்ல எவ்வளவு உரிமை உண்டோ, வேண்டாம் என்று சொல்லவும் அவ்வளவு உரிமை உண்டு. அந்த நம்பிக்கையோடு வாழலாம், பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம், மேடை போட்டும் பேசலாம். ஆனால் அதைக் காப்பாற்றக் காவல்துறையை அழைக்கும்போது மதம் தன் வேரையே அறுத்துக்கொள்கிறது. அறைக்குள் பூட்டி வைக்கப்பட்டுப் பட்டினி கிடந்தவரை ஏகாதசி விரதம் இருந்தவர் என்று யாரும் சொல்வதில்லை. நிய்யத் என்னும் மனத்தின் உறுதி இல்லாத நோன்பு இஸ்லாத்தில் நோன்பாகாது. கத்தோலிக்கத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்பவர் குருவானவர். காவல் ஆய்வாளர் அல்லர். மனம் உவந்து ஏற்காத ஒழுக்கத்துக்கு இந்த மூன்று மரபுகளிலும் மதிப்பில்லை.

சட்டத்தின் பயம் போனால் குடும்பம் சிதைந்துவிடும் என்பார்கள். 2018இல் நீக்கப்பட்ட, பிறன்மனை உறவு பற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவைப் பாருங்கள். கணவனின் சம்மதம் இருந்தால் அந்தப் பிரிவின்படி குற்றமே இல்லை. கணவன் தவறினால் மனைவி வழக்குத் தொடுக்கவும் முடியாது. 1860இல் இயற்றப்பட்ட அந்தப் பிரிவு காத்தது கற்பை அல்ல, மனைவிமீது கணவன் கொண்டாடிய உடைமையை. அது நீங்கிய பிறகும் துரோகம் செய்த துணையிடமிருந்து மணவிலக்குப் பெற வழி இருக்கிறது. வஞ்சிக்கப்பட்டவருக்கு வேண்டியது அந்த நிவாரணம்தான். இதற்கு நேர்மாறாக, உத்தராகண்டின் பொது சிவில் சட்டத்தின்படி, திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் இருவர் ஒரு மாதத்துக்குள் அதைப் பதிவு செய்யாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை உண்டு. வீட்டுக்குத் தெரிந்தால் உயிருக்கே ஆபத்து என்று ஓடிவந்த ஜோடியை அந்தப் பதிவேடு எங்கே கொண்டுபோய் நிறுத்தும்? சாதிவெறிக் கொலைகளைக் கண்ட நமக்கு இது புரியாததல்ல.

சம்மதம் உண்டா, வஞ்சனை உண்டா என்று மட்டும் சட்டம் பார்க்கட்டும். மற்றதை அவரவர் மனசாட்சி பார்த்துக்கொள்ளும். ஒழுக்கத்துக்காகக் கவலைப்படும் பக்தர்கள் குரல் கொடுக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பிய மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்தினால் அது பாலியல் வன்புணர்வு ஆகாது என்கிறது, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு.