கீயை மாத்தச் சொல்ற கனவான்களுக்கு

"ட்ரெமலோ வச்ச கிட்டாரா? அது சுருதி நிக்காதே தம்பி!"

கிட்டாரைத் தொட்டவன் எவனைக் கேட்டாலும் முதல்ல வர்ற வசனம் இதுதான். அடுத்தது, "கீயை மாத்திடு, லாக்கிங் கீ போடு." அதுலயும் சரியாகலன்னா கடைசி அஸ்திரம்: "பாரைக் கழட்டிப் பரண்ல போட்டுட்டு பிரிட்ஜுக்குப் பின்னால ஒரு கட்டையை வச்சு அடைச்சிடு."

பொட்டி தட்டுற மக்களுக்கு இது பழகின நோய்தான். புரோகிராம் மெதுவா ஓடுதுன்னா எங்க மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு பாக்காம, "சர்வருக்கு ரேம் வாங்கிப் போடுங்க"ன்னு சொல்ற மேனேஜர் எல்லா ஆபீஸ்லயும் ஒருத்தர் இருப்பார். அதே ஆள் கிட்டார் கடையிலயும் உக்காந்திருக்கார் :-)

எங்க மங்கலம்பேட்டைல கிட்டார் வாசிக்கிற பசங்களை ஒரு கை விரல்ல எண்ணிடலாம். எல்லார்கிட்டயும் இருக்கிறது விலை குறைஞ்ச ஸ்ட்ராட் காப்பிதான். கச்சேரி மேடையில ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவுல குனிஞ்சு குனிஞ்சு சுருதி சேத்துக்கிட்டு இருந்த பையன் ஒருத்தன்கிட்ட, பெரிய ஊர்க் கடையில கிட்டார் விலையில பாதிக்குக் கீ வாங்கச் சொல்லியிருக்காங்க. அவங்கப்பா, "இந்தச் சனியனே வேணாம், வித்துடு"ன்னுட்டார். ஒரு பென்சில் சீவலோட முடிய வேண்டிய விஷயம் சாமி இது!

கீ ஏன் குற்றவாளி இல்லன்னு சொல்றேன். கீக்குள்ள இருக்கிறது வார்ம் கியர். இஞ்சினியரிங்ல மெஷின்ஸ் பேப்பரை அரியர் வச்சாவது எழுதினவனுக்குத் தெரியும்: திருகைச் சுத்தினா தண்டு சுத்தும், ஆனா தண்டை எவ்வளவு இழுத்தாலும் திருகு திரும்பாது. உராய்வு விடாது. 09-42 செட்டை ஸ்டாண்டர்ட் சுருதிக்கு ஏத்தினா ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கிறது சுமார் 38 கிலோ. அப்பவும் சல்லிசான கீகூட தானா அவிழாது. அதுல இருக்கிற கோளாறு பல்லுக்கு நடுவுல கொஞ்சம் ஆட்டம், அவ்வளவுதான். எப்பவும் கீழ இருந்து மேல ஏத்தி சுருதி சேத்தா அந்த ஆட்டமும் போச்சு.

அப்போ எங்கதான் பிரச்சனை? நட்ல. வீணைக்காரங்க மேருன்னு சொல்வாங்களே, அதேதான்.

பாரை அமுக்குறீங்க. கம்பி தளருது. நட்டுக்கும் கீக்கும் நடுவுல இருக்கிற துண்டு இன்னும் விறைப்பா இருக்கிறதால கம்பியைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்குது. பாரை விட்டதும் அது வழுக்கித் திரும்பி வரணும். நட்டோட பள்ளம் இறுக்கமா இருந்தா வராது. விளைவு, சுருதி ஏறி நிக்கும். இறங்கி இல்ல, ஏறி! கீ அவிழ்ந்திருந்தா இறங்கித்தானே இருக்கணும்? இந்த ஒரு சோதனையைச் செய்ய காதும் அரை நிமிஷமும் போதும். கீயைத் திருகும்போது 'டிங்'னு ஒரு சத்தம் வருதா? நட் கம்பியைக் கடிச்சு விடுற சத்தம் அது. மூணாவது கம்பியில பெரும்பாலும் கேக்கலாம்.

இன்னொரு சாட்சி, ஃப்ளாயிட் ரோஸ். எழுபதுகளோட கடைசியில அவர் தன் ட்ரெமலோவைச் செஞ்சப்போ கையை வச்சது கீயில இல்ல. நட்லயே கம்பியைப் பூட்டினார், 1979-ல காப்புரிமையும் வாங்கினார். பூட்டின பிறகு கீ வெறும் அலங்காரம். சின்னச் சின்ன சுருதித் திருத்தத்துக்கு பிரிட்ஜ் பக்கம் குட்டித் திருகுகள் பின்னால சேந்துச்சு. நம்ம வீணையில நாகபாசத்துல லங்கர் இருக்கே, அதே வேலை. வீணைப் பிரடை வெறும் மரம்ங்கிறதையும் ஞாபகத்துல வச்சுக்குங்க.

செய்ய வேண்டியது இதுதான். பள்ளத்துல பென்சில் கரியைத் தேய்ங்க. போதலன்னா மெல்லிய உப்புத்தாளை மடிச்சு பள்ளத்தோட சுவரை மட்டும் நாலு இழுப்பு இழுங்க, அடியை ஆழமாக்கிடாதீங்க. ஸ்ட்ரிங் ட்ரீக்கு அடியிலயும் கரி. தண்டுல கம்பி ரெண்டு மூணு சுத்துக்கு மேல வேணாம், ஒண்ணு மேல ஒண்ணு ஏறவும் கூடாது. பாரை அமுக்கினப்புறம் சுருதி இறங்கிப் போனா அந்தத் தளர்ந்த சுத்தைத்தான் முதல்ல சந்தேகப்படணும். புதுக் கம்பியை நல்லா இழுத்து விட்டு மறுபடி சேருங்க. ஆறு ஸ்க்ரூ பிரிட்ஜா இருந்தா நடு நாலையும் ஒரு இழை தூக்கி விடுங்க. மிதக்கிற பிரிட்ஜுக்கு ஃபெண்டர் கணக்கு, பின்பக்கம் 3.2 மில்லிமீட்டர் இடைவெளி. அதைப் பின்னாடி ஸ்ப்ரிங் மாட்டியிருக்கிற கொக்கியோட ரெண்டு ஸ்க்ரூலதான் சரி பண்ணணும். ஒரு கம்பியை ஏத்தினா மத்தது இறங்கும், அதனால மூணு நாலு சுத்து பொறுமையா சேக்கணும். பொறுமை இல்லாதவன்தான் பாதி நேரம் "ட்ரெமலோ மோசம்"ங்கிறான்.

லாக்கிங் கீயே வேஸ்ட்டுன்னு சொல்லல. தண்டுல சுத்து குறையும், கம்பி மாத்துறது சுளுவு. ஆனா அது நட்டைச் சரி பண்ணாது. விக்கிறவர் அதைச் சொல்லி விக்கட்டும்.

கட்டை வச்சு அடைக்கிற கோஷ்டி எரிக் கிளாப்டனைக் காட்டும். அவர் அடைச்சது உண்மை. ஆனா அவருக்கு பார் தேவைப்படல. 2023-ல காலமான ஜெஃப் பெக் அதே ஸ்ட்ராட்ல பாரை வச்சே ஒரு ஸ்வரத்துல இருந்து இன்னொண்ணுக்குக் குரல் மாதிரி வழுக்கிப் போனவர். அவர் பேர்ல வந்த மாடல்ல கம்பி உருள்ற ரோலர் நட் இருக்கு, காரணம் இல்லாமலா? கமகத்துல பொறந்து வளந்த காதுக்காரங்க நாம, அந்தக் கதவையா கட்டை வச்சு அடைக்கணும்? இதுல கூத்து என்னன்னா, அடைச்சாலும் தப்பிக்க முடியாது. கம்பியை வளைச்சு இழுத்தாலும் அது நட்ல நகரத்தான் செய்யும். இறுக்கமான நட், வளைச்சு விட்டதும் சுருதியை இறக்கிடும்.

ஒரே ஒரு இடத்துல அடைக்கிறவங்க பக்கம் நியாயம் இருக்கு. மிதக்கிற பிரிட்ஜ்ல ஒரு கம்பியை இழுத்தா மத்த கம்பியெல்லாம் அந்த நேரத்துக்கு இறங்கும். கீழ்க் கம்பியைத் தம்புரா மாதிரி மீட்டிக்கிட்டே மேல ராகம் வாசிக்கிறவங்களுக்கு அது நாராசம். அவங்க பிரிட்ஜை உடம்போட படிய வச்சுக்கலாம், அப்பவும் கீழ் நோக்கி பார் வேலை செய்யும்.

(லியோ ஃபெண்டர் 1954-ல இதுக்கு ட்ரெமலோன்னு பேர் வச்சதே தப்பு. ட்ரெமலோன்னா சத்தம் ஏறி இறங்குறது, சுருதி ஏறி இறங்குனா வைப்ராட்டோ. அது தனிச் சண்டை.)

பக்கத்துல விருத்தாசலத்துல பீங்கான் பொம்மை செய்றாங்க, பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித் தர்ற அரசுக் கல்விக்கூடமும் இருக்கு. ஜவுளி மில்லுல ஓயாம ஓடுற நூல் அறுபடாம வழுக்கிப் போக பீங்கான் வளையம்தான் வைக்கிறாங்க. அந்த வழவழப்புல ஆறு பள்ளம் போட்டு ஒரு நட் செஞ்சு பாக்க அங்க யாருக்காவது ஆசை இருந்தா சொல்லுங்க மக்கா, அந்தப் பையனோட கிட்டார் இன்னும் விக்கல.